நோயெதிர்ப்பியல் ஆய்வுப் படிப்பு: எங்கே, எப்படி, எவ்வளவு செலவில்?

1968-ஆம் ஆண்டில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கிராமங்களில் உலகின் மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளுள் ஒன்று தொடங்கியது. காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி, பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து காக்கிறதா என்பதே அதன் கேள்வி. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்க்கப்பட்டனர். 1979-இல் வெளியான முதல் முடிவுகள் மருத்துவ உலகைத் திகைக்கவைத்தன. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் போட்டுக்கொள்ளாதவர்களுக்கும் இடையே வேறுபாடு ஏதும் தென்படவில்லை. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகும் அதே விடைதான் கிடைத்தது. குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து காக்கும் தடுப்பூசி இது. 1950-களில் இங்கிலாந்தின் பள்ளிப் பிள்ளைகளிடம் நல்ல பலன் தந்த தடுப்பூசியும் இதுவே. செங்கல்பட்டில் அது ஏன் பலிக்கவில்லை? நம் மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான நுண்ணுயிர்கள் நம் உடலை முன்பே பழக்கிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். அது மட்டுமே காரணமா என்பது இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடும் துறைதான் நோயெதிர்ப்பியல். கொரோனாப் பெருந்தொற்று வரும் வரை ஆன்டிபாடி, டி செல் போன்ற சொற்கள் மருத்துவமனைச் சுவர்களுக்குள்ளேயே இருந்தன. இன்று அவை வீட்டுக் கூடத்தில் புழங்குகின்றன. 2018-இல் புற்றுநோய்க்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சைக்கும், 2023-இல் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அடிகோலிய ஆய்வுக்கும், 2025-இல் உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாமல் தடுக்கும் டி செல்களைக் கண்டறிந்தமைக்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. உயிரியல் படிக்கும் பிள்ளைகளின் பார்வை இத்துறையின் பக்கம் திரும்பியிருப்பதில் வியப்பில்லை. நம் நாட்டில் உயிரியல் என்றாலே நீட் தேர்வு என்று முடிந்துவிட்ட பேச்சு சற்றே விரிவடைந்திருப்பது நல்லதும்கூட.

பிள்ளை இந்த விருப்பத்தைச் சொன்னதும் பெற்றோர் பலர் வங்கிக் கிளைக்கு வந்து கேட்கும் முதற்கேள்வி, “எவ்வளவு கடன் கிடைக்கும்?” என்பதாகும். பொறியியலுக்கும் மேலாண்மைப் படிப்புக்கும் அது பொருத்தமான கேள்விதான். ஆய்வுப் படிப்பில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: இதற்குக் கடன் தேவையா? அறிவியல் முனைவர் பட்டம் என்பது உலகின் பெரும்பாலான இடங்களில் மாணவர் பணம் கொடுத்துப் படிப்பதன்று. பணம் பெற்றுக்கொண்டு படிப்பது. இந்த ஓர் உண்மை தெரியாமல் பல லட்சம் ரூபாய்க் கடனில் இறங்கிய குடும்பங்கள் உண்டு.

பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம்

நோயெதிர்ப்பியல் என்ற பெயரைத் தாங்கிய துறைகள் இந்தியாவில் குறைவு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலத்தில் அப்பெயரில் ஒரு துறை இருக்கிறது. 1981-இல் ஜி.பி. தல்வாரை நிறுவன இயக்குநராகக் கொண்டு டெல்லியில் தொடங்கப்பட்ட தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம் இத்துறையின் தலைவாசல் எனலாம். தொழுநோய்க்கு எதிரான இந்தியத் தடுப்பூசி ஒன்று தல்வாரின் ஆய்விலிருந்து பிறந்தது. ஆனால் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துத் தேடுபவர் நல்ல இடங்களில் பாதியைத் தவறவிடுவார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இவ்வாய்வு நுண்ணுயிரியல், செல் உயிரியல் துறையில் நடக்கிறது. புனேயில் தேசிய செல் அறிவியல் மையம், ஃபரிதாபாதில் இடைநிலை உடல்நல அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், புவனேசுவரத்தில் உயிர் அறிவியல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம், சண்டீகரில் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனம் எனப் பட்டியல் நீளும். ஐசர் நிறுவனங்களிலும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் இத்துறை ஆய்வாளர்கள் உள்ளனர்.

சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். 1956-இல் தொடங்கப்பட்ட இந்நிலையம், காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைத்துவைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம் என்பதைச் சான்றோடு நிறுவி உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. நோயாளிகளின் இரத்த மாதிரியை நேரடியாக ஆராய விரும்பும் மாணவருக்கு இத்தகைய நிலையம் தரும் வாய்ப்பை எலிகளை மட்டும் வைத்திருக்கும் ஆய்வகம் தர இயலாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அப்படிப்பட்ட இடம். ரோட்டாவைரஸ் ஆய்வில் புகழ்பெற்று, 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் அறிவியலாளர் ககன்தீப் காங் அங்கு நெடுங்காலம் பணியாற்றியவர்.

எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்தவர்களுக்குப் பாதை வேறு. அவர்களுக்கென டி.எம். மருத்துவ நோயெதிர்ப்பியல், மூட்டுவாதவியல் படிப்பு லக்னோ, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் இருக்கிறது. இக்கட்டுரை பெரும்பாலும் எம்.எஸ்சி., பி.எஸ்சி., பி.டெக். மாணவர்களை மனத்தில் கொண்டது.

தேர்வுகளும் உதவித்தொகையும்

இந்தியாவில் பிஎச்.டி. இடம் கிடைப்பதும் உதவித்தொகை கிடைப்பதும் இரு வேறு செய்திகள். இரண்டையும் ஒருசேரப் பெறுவதே நோக்கமாக இருக்க வேண்டும். அதற்கான நேர்வழி, சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் தேர்வில் உயிர் அறிவியல் பாடத்தில் ஜேஆர்எஃப் தகுதி பெறுவது. ஆண்டுக்கு இருமுறை நடக்கும் தேர்வு இது. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலை ஆய்வாளராக உயரும்போது 42,000 ரூபாய். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. ஐந்தாண்டுக் கணக்குப் போட்டால் படி நீங்கலாகவே 24 லட்சம் ரூபாய். ஊதியம் என்று எண்ணினால் இது பெரிய தொகையன்று. உடன் படித்துத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்த நண்பர் இதைவிடக் கூடுதலாகப் பெறலாம். ஆயினும், வீட்டிலிருந்து ஒரு ரூபாயும் வாங்காமல் முனைவர் பட்டம் பெறலாம் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

உயிர்த்தொழில்நுட்பத் துறை நடத்தும் பெட் தேர்வு வழியாக டிபிடி–ஜேஆர்எஃப் கிடைக்கும். மருத்துவ ஆய்வுக் குழுவான ஐசிஎம்ஆரும் தனியே ஜேஆர்எஃப் வழங்குகிறது. கேட் தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். ஐஐடி உள்ளிட்ட பல நிறுவனங்களுக்கு அது போதும். பெங்களூரு என்சிபிஎஸ், மும்பை டிஐஎஃப்ஆர் முதலிய இடங்களுக்கு ஜேஜிஇஇபிஐஎல்எஸ் என்னும் கூட்டு நுழைவுத் தேர்வு இருக்கிறது. இந்த எழுத்துக் கோவையை உச்சரிப்பதே ஒரு தேர்வு என்று மாணவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மனப்பாடத்தைவிடச் சிந்தனையைச் சோதிக்கும் வினாத்தாள் அது. நெட்டுக்காகப் பயிற்சி மையத்தில் குறிப்புகளைக் கரைத்துக் குடித்த மாணவர் அங்கே தடுமாறுவார். பாடநூலை நிதானமாகப் படித்தவர் நன்றாகச் செய்வார். ஐஐடி, இந்திய அறிவியல் கழகம், ஐசர் போன்றவற்றில் சேர்வோரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பிரதமர் ஆய்வு உதவித்தொகையும் உண்டு. அது மாதம் 70,000 ரூபாயில் தொடங்கி 80,000 வரை செல்லும்.

எம்.எஸ்சி. முடிக்கும் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பி.எஸ்சி. முடித்த கையோடு சேரக்கூடிய ஒருங்கிணைந்த பிஎச்.டி. திட்டங்கள் இந்திய அறிவியல் கழகத்திலும் என்சிபிஎஸ்ஸிலும் உள்ளன. 2022-ஆம் ஆண்டின் யுஜிசி விதிகளின்படி நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவரும் நேரடியாக முனைவர் பட்டத்துக்குத் தகுதியுடையவர்.

எந்த உதவித்தொகையும் இல்லாமல் ‘முதலில் சேர்ந்துவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்வோம்’ என்று பிஎச்.டி. தொடங்குவதை, மிகத் தெளிவான காரணம் இருந்தாலொழிய, நான் பரிந்துரைக்க மாட்டேன். நோயெதிர்ப்பியல் செலவு பிடிக்கும் அறிவியல். ஓர் ஆன்டிபாடிக் குப்பியின் விலையே பல்லாயிரம் ரூபாய். மாணவருக்கு உதவித்தொகை தர வழியில்லாத ஆய்வகத்தில் ஆய்வுக்கான வேதிப்பொருள் வாங்கவும் வழி இருக்குமா என்பது ஐயமே. அதைவிட ஏதேனும் ஒரு நல்ல ஆய்வகத்தில் திட்டப் பணியாளராக ஓராண்டு சேர்ந்து, சம்பளம் பெற்றுக்கொண்டு கைத்திறனை வளர்த்து, மறுபடி தேர்வெழுதுவது மேல். இத்தகைய பணியிடங்கள் நிறுவனங்களின் இணையதளங்களில் அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன. நேர்முகத்துக்கு நேரே சென்று கலந்துகொள்ளலாம்.

வழிகாட்டி என்னும் மனிதர்

எந்த நிறுவனம் என்பதைவிட எந்த வழிகாட்டி என்பதே ஐந்தாறு ஆண்டுகளின் தன்மையைத் தீர்மானிக்கிறது. தரவரிசைப் பட்டியலில் மேலே நிற்கும் நிறுவனத்தில், மாணவரை மாதக்கணக்கில் சந்திக்காத பேராசிரியரிடம் சிக்கிக்கொள்வதைவிட, நடுத்தரப் பல்கலைக்கழகத்தில் ஆர்வமுள்ள இளம் ஆசிரியரிடம் சேர்வது பல வேளைகளில் நன்மை தரும்.

இதைக் கண்டறிய யாருடைய சிபாரிசும் தேவையில்லை. பப்மெட் என்னும் இணையத் தரவுத்தளம் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தக்கூடியது. அதில் பேராசிரியரின் பெயரை இட்டு, கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளைப் பாருங்கள். கட்டுரைகளில் ஆய்வகத் தலைவரின் பெயர் வழக்கமாகக் கடைசியில் வரும். முதற்பெயர் உழைத்த மாணவருடையது. அந்த முதற்பெயர்கள் மாறி மாறி வருகின்றனவா, எல்லா மாணவருக்கும் ஒரு கட்டுரையாவது அமைந்திருக்கிறதா, பட்டம் பெற எத்தனை ஆண்டு ஆயிற்று, பட்டத்துக்குப் பின் அவர்கள் எங்கே சென்றார்கள் என்று தேடுங்கள். பிறகு அந்த ஆய்வகத்தின் இப்போதைய மாணவர் ஒருவருக்கும் முன்னாள் மாணவர் ஒருவருக்கும் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். இப்போதைய மாணவர் நயமாகப் பேசுவார். முன்னாள் மாணவர் உள்ளதைச் சொல்வார்.

கருவிகளைப் பற்றிக் கேட்பதும் தவறில்லை. செல்களை வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இயங்கும் நிலையில் இருக்கிறதா, எலிக்கூடம் உண்டா, காசநோய்க் கிருமியை ஆராய்வதென்றால் அதற்குரிய மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வளாகத்திலேயே இருக்கிறதா? எலிகளைக் கையாள மனம் ஒப்பாத மாணவர் அதை முன்பே உணர்ந்து, மனித மாதிரிகளையோ கணினிவழித் தரவுப் பகுப்பாய்வையோ மையமாகக் கொண்ட ஆய்வகத்தைத் தேட வேண்டும். இரண்டாம் ஆண்டில் இதை உணர்பவர்கள் படும் பாடு சிறிதன்று.

யுஜிசி விதிகளும் இங்கே துணைநிற்கும். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ள ஆசிரியர் புதிய ஆய்வு மாணவரை ஏற்க இயலாது. ஒரு நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். படிப்புக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு, மிகுதியாக ஆறு ஆண்டு. பெண் ஆய்வாளர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதல் காலம் உண்டு. மகப்பேற்று விடுப்பாக 240 நாட்கள் வரை பெறலாம். திருமணத்தைக் காரணம் காட்டிப் பெண்ணின் ஆய்வுப் படிப்பைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இவ்விதியை அறிந்திருத்தல் நலம்.

எழுத வேண்டியதும் பேச வேண்டியதும்

விண்ணப்பத்தின் உயிர்நாடி நோக்க அறிக்கை. ‘சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்’ என்று தொடங்கும் அறிக்கைகளைத் தேர்வுக் குழுவினர் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் படிக்கிறார்கள். அவர்கள் தேடுவது வேறு: நீங்கள் செய்த ஒரு சிறு ஆய்வில் கேட்ட கேள்வி என்ன, எதைச் செய்தீர்கள், எதிர்பார்த்தது நடக்காதபோது என்ன நினைத்தீர்கள்? எம்.எஸ்சி. திட்டப்பணி பலிக்காமல் போயிருந்தாலும் அதைத் தெளிவாக எழுத முடிந்தால் அதுவே பலம். செங்கல்பட்டுச் சோதனையைப் போல, பலிக்காத ஒன்றிலிருந்து ஒரு தலைமுறைக்கான ஆய்வுக் கேள்விகள் பிறப்பதை இத்துறையினர் அறிவார்கள். அறிக்கையைப் பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருபவர்களும் நொடியில் எழுதித் தரும் மென்பொருள்களும் இன்று மலிந்துவிட்டன. அவற்றின் ஒரே அச்சு வார்த்தைகள் குழுவினருக்குப் பழகிப்போனவை. நேர்முகத்தில் அதே அறிக்கையின் இரண்டாம் வரியிலிருந்து கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வது மாணவர்தான்.

பரிந்துரைக் கடிதம் கேட்க ஆறு முதல் எட்டு வாரம் முன்பே செல்ல வேண்டும். துறைத் தலைவர் என்பதற்காக, உங்களை வகுப்பில் மட்டும் பார்த்த ஒருவரிடம் வாங்கும் கடிதத்தைவிட, ஆய்வகத்தில் இரண்டு மாதம் உங்களோடு வேலை செய்த இளம் விஞ்ஞானியின் கடிதம் எடையுள்ளது. அந்த இரண்டு மாத வாய்ப்பை மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டம் தருகிறது. இளநிலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், உதவித்தொகையும் உண்டு. சிறுநகரக் கல்லூரி மாணவர்கள் பலருக்கு ஒரு நல்ல ஆய்வகத்தின் கதவு முதன்முதலில் திறப்பது இதன் வழியாகத்தான்.

இந்திய நேர்முகத் தேர்வுகள் கரும்பலகை முன் நடப்பவை. பிடித்த தலைப்பு எது என்று கேட்டு, அதிலிருந்தே தோண்டிக்கொண்டு போவார்கள். மனித உடலில் புரதம் ஆக்கும் மரபணுக்கள் சுமார் இருபதாயிரம்தான். ஆன்டிபாடிகளோ கோடிக்கணக்கான வடிவங்கள். இது எப்படி? 1987-இல் சுசுமு டொனெகாவா நோபல் பரிசு பெற்றது இதற்கான விடைக்குத்தான். மரபணுத் துண்டுகள் வெட்டி ஒட்டப்படுகின்றன. ஆனால் அந்த வரியை ஒப்பிப்பதோடு நேர்முகம் முடியாது. ‘அதை மெய்ப்பிக்க என்ன சோதனை செய்வாய்? எதனோடு ஒப்பிடுவாய்?’ என்று அடுத்த கேள்வி வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, ‘இப்படி இருக்கலாம்’ என்று யோசித்துக் காட்டுவோரைக் குழுவினர் விரும்புகிறார்கள். ஆங்கிலத்தில் சரளம் குறைவு என்று அஞ்ச வேண்டியதில்லை. படம் வரைந்து விளக்கும் பழக்கம் இருந்தால் பாதிச் சுமை குறையும். ஜேன்வே, குபி, அப்பாஸ் என்னும் பெயர்களால் அறியப்படும் மூன்று பாடநூல்களில் ஏதேனும் ஒன்றை முழுமையாகப் படித்தவருக்கு அடிப்படையில் குறை வராது. மூன்றையும் அரைகுறையாகப் புரட்டுவது வீண்.

கடல் கடந்து செல்வோர்

அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு எம்.எஸ்சி. கட்டாயமில்லை. சேர்பவருக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி, வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டு உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு. முதலாண்டில் இரண்டு முதல் நான்கு ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை செய்து பார்த்த பிறகே வழிகாட்டியைத் தேர்வு செய்யும் ‘ரொட்டேஷன்’ முறை அங்கே உண்டு. நம் நாட்டில் இன்னும் பரவலாக வேண்டிய நல்வழக்கம் அது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் முடியும். நேர்முகம் ஜனவரி முதல் மார்ச் வரை. உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர் முடிவைச் சொல்ல ஏப்ரல் 15 வரை காலம். ஜிஆர்இ மதிப்பெண்ணை உயிரியல் துறைகள் பல இப்போது கேட்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நூறு டாலர் அளவில் ஆகக்கூடும் என்பதால் பத்து இடங்களுக்கு முயல்வோருக்கு இதுவே எண்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். கட்டண விலக்கு கேட்டு எழுதினால் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஒரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்க அரசின் பயிற்சி நிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வாழுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. அதைப் பெரிதும் சார்ந்த திட்டங்களில் வெளிநாட்டு மாணவருக்கான இடங்கள் சொற்பம். விண்ணப்பிக்கும் முன், கடந்த ஆண்டுகளில் எத்தனை வெளிநாட்டவரைச் சேர்த்தார்கள் என்று கேட்டறிவது பணத்தையும் மனத்தையும் காக்கும். 2025-இல் ஆய்வு நிதிக் குறைப்பு காரணமாகச் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைச் சுருக்கின. வழங்கிய இடத்தைத் திரும்பப் பெற்றதும் நிகழ்ந்தது. ஆகவே ஒரே நாட்டை நம்பியிருப்பது இப்போதைக்கு நன்றன்று.

ஜெர்மனியில் ஆய்வு மாணவர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியராகவே கருதப்படுகிறார். மாதச் சம்பளம் உண்டு, முதுநிலைப் பட்டம் தேவை. ஃப்ரைபர்க் நகரில் மாக்ஸ் பிளாங்க் அமைப்பின் நோயெதிர்ப்பியல் நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் முதுநிலைப் படிப்புக்கும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் சொந்தச் செலவில் செல்லும் மாணவர் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே செலுத்திக் காட்ட வேண்டும்; 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழும் வேண்டும். அதைப் பெறக் காலம் பிடிக்கும். 2025 நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான ஷிமோன் சககுச்சி பணியாற்றும் ஒசாகா பல்கலைக்கழகத்துக்கோ ஜப்பானின் பிற இடங்களுக்கோ செல்ல விரும்புவோருக்கு அந்நாட்டு அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை இருக்கிறது. சககுச்சி தம் ஆய்வைத் தொடங்கிய காலத்தில், எதிர்ப்பாற்றலை அடக்கும் டி செல் என்ற கருத்தையே துறையினர் பெரும்பாலும் கைவிட்டிருந்தார்கள். அன்றைய நாகரிகத் தலைப்பை மட்டும் பார்த்து ஆய்வுக் கேள்வியைத் தேர்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

கடன் எப்போது?

கடன் தேவைப்படுவது பெரும்பாலும் வெளிநாட்டு முதுநிலைப் படிப்புக்குத்தான். ஆக்ஸ்ஃபோர்டில் நோயெதிர்ப்பியலுக்கென ஓராண்டு எம்.எஸ்சி. உண்டு, அமெரிக்காவில் இரண்டாண்டு எம்.எஸ். உண்டு. வெளிநாட்டுக் கல்வி முகவர்கள் பலர் பல்கலைக்கழகங்களிடமிருந்து தரகு பெறுபவர்கள். கட்டணம் கட்டும் முதுநிலை மாணவரைச் சேர்த்தால் அவர்களுக்குத் தரகு கிடைக்கும், உதவித்தொகையோடு பிஎச்.டி. செல்பவரால் அவர்களுக்குப் பயன் இல்லை. அவர்கள் எந்தப் பாதையைக் காட்டுவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டாக 30 லட்சம் ரூபாய்க் கடன், 10 விழுக்காடு வட்டி என்று கொள்வோம். படிப்பு இரண்டு ஆண்டு, அதன்பின் ஓராண்டு தவணை விலக்கு. முழுத் தொகையும் தொடக்கத்திலேயே வழங்கப்பட்டதாகக் கொண்டால், இந்த மூன்று ஆண்டுகளுக்கான தனிவட்டி 9 லட்சம். கடன் 39 லட்சமாகிவிடும். பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 51,500 ரூபாய். எம்.எஸ். முடித்தவர் மருந்து நிறுவனத்தில் நல்ல வேலையில் அமர்ந்தால் இதைச் சமாளிக்கலாம். அவர் அதன் பின் பிஎச்.டி. செய்ய விரும்பி 37,000 ரூபாய் உதவித்தொகையில் அமர்ந்தால் தவணையை யார் கட்டுவது? பெற்றோரின் ஓய்வூதியத்திலிருந்தா? மேற்படிப்பைத் தொடர்ந்தால் தவணை விலக்கை நீட்டிக்க இயலுமா என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்பே கிளை மேலாளரிடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது அவசியம்.

எனவே வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் இந்திய உதவித்தொகை, அதனோடு வெளிநாட்டு நிதியுடன் கூடிய பிஎச்.டி.; இவை கைகூடாதபோது, வேலைவாய்ப்பை ஆராய்ந்தறிந்த பிறகே கடனில் முதுநிலை. முதுநிலையோடு நிறுத்திக்கொண்டு தடுப்பூசி நிறுவனங்களிலோ மருத்துவமனை ஆய்வகங்களிலோ பணிபுரிவதும் மதிப்பான வாழ்க்கையே. பிஎச்.டி. பெற்றவர்களுக்கோ அதன்பின் சில ஆண்டு முதுமுனைவர் ஆய்வு, பிறகே நிலையான பணி என்ற நீண்ட வரிசை காத்திருக்கிறது. நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் பட்டம் பெறுவோரின் எண்ணிக்கையைவிடக் குறைவு. இதை மாணவரிடம் மறைக்கக் கூடாது.

கடன்தான் என்று முடிவானால், இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. 4 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் படிப்புக் கடனில் 15 விழுக்காட்டைக் குடும்பம் தன் பங்காகப் போட வேண்டும். திருப்பிச் செலுத்தப் பதினைந்து ஆண்டு வரை காலம். உள்நாட்டின் தேர்ந்தெடுத்த உயர்தர நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டம் பிணையோ ஜாமீன்தாரோ இன்றிக் கடன் தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை விலக்குக் காலத்தில் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. இயலுமானால் படிக்கும் காலத்திலேயே வட்டியை மாதந்தோறும் கட்டிவருவது மேலே சொன்ன 9 லட்சம் அசலோடு சேராமல் தடுக்கும். பழைய வரி முறையில் இருப்பவர்கள் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவு பெறலாம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது பிடிக்கப்படும் டிசிஎஸ், அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் இல்லை.

உதவித்தொகையில் படிக்கச் செல்பவருக்கும் வங்கி சார்ந்த ஒரு முன்னேற்பாடு தேவை. சேர்ந்த முதல் சில மாதங்களில், சில வேளை இடையிலும், உதவித்தொகை வந்து சேரத் தாமதமாவது ஆய்வு மாணவர்கள் நன்கறிந்த தொல்லை. விடுதிக் கட்டணம், உணவு, பயணம் ஆகியவற்றுக்கு நான்கு மாதச் செலவை ஒரு சேமிப்புக் கணக்கில் ஒதுக்கி வைத்துவிட்டு வண்டி ஏற வேண்டும். உதவித்தொகை வரவேண்டிய கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டு, மாணவரின் பெயர் நெட் சான்றிதழிலும் கணக்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்பதையும் ஊரை விட்டுப் புறப்படும் முன்பே சரிபார்த்துக்கொள்ளலாம். தலைப்பெழுத்து முன்னே ஓரிடத்தில், பின்னே ஓரிடத்தில் என்று இருக்கும் நம்மவர் பெயர்களில் இந்தச் சிக்கல் அதிகம்.